கேள்விகள் எழுதப்படாத வாக்குமூலம்

ஹார்டன்ஷா யூனியன் ஏழையர் இல்லம்,
முதிய ஆண்கள் பிரிவு.
1859 நவம்பர் 14, திங்கட்கிழமை.

1. இதை எழுதுபவன் நதானியேல் ஆஸ்க்வித். வயது அறுபத்தேழு. ஹார்டன்ஷாவில் பிறந்தவன். வழக்கறிஞர் திரு. பல்மரின் அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன். கடந்த ஆகஸ்ட் மாதம் முதல் மேற்படி இல்லத்தில் வசிப்பவன்.

2. இது என் மனைவி டார்கஸுக்கு எழுதப்படுகிறது. வயது அறுபத்துநான்கு. அதே இல்லத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், முதிய பெண்கள் பிரிவில் வசிப்பவள்.

3. சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதுகிறேன். இந்த வாக்கியத்தின் பின்பாதி முழு உண்மை அன்று. உன் தூண்டுதல் உண்டு.

4. எனக்குச் சத்தியம் செய்துவைக்க இங்கே மாஜிஸ்திரேட் இல்லை. பிறருக்கு நூற்றுக்கணக்கான முறை செய்துவைத்த சத்தியத்தை இன்று எனக்கு நானே செய்துகொண்டு தொடங்குகிறேன்.

அன்புள்ள டார்கஸ்,

உன் இருமல் எப்படி இருக்கிறது? ஞாயிறு வழிபாட்டில் தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்கும் இருமல்களில் உன்னுடையது எது என்று எனக்குத் தெரியும். சென்ற வாரத்தைவிட இந்த வாரம் அது நெஞ்சின் அடியிலிருந்து வருகிறது. மருத்துவர் வரும்போது வாயைத் திறந்து சொல். மார்புக்குக் கம்பளித் துணி கேள். கேட்டால் கொடுப்பார், கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

நான் நலம். கை நடுக்கம் காலையில் குறைவு, பிற்பகலில் அதிகம். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்கும் வேலையில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். அடுத்த படுக்கை ஏமோஸ் டக், "வக்கீலய்யா, ஒங்க கை தானாவே ஆடுது. கயித்தப் புடிச்சுக்கிட்டு சும்மா ஒக்காருங்க, அதுவே பிரிஞ்சிரும்" என்கிறார். நான் வழக்கறிஞர் அல்ல, குமாஸ்தா என்று பலமுறை திருத்திவிட்டேன். "கோர்ட்டுல ஒங்களக் கண்டா எனக்குக் காலு நடுங்கும், இங்க ஒங்களுக்குக் கை நடுங்குது, சரியாப் போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார். இவர் செருப்புத் தைப்பவர். பெண்கள் பிரிவின் காலணிகளும் இவரிடம்தான் தைக்க வருகின்றன. இந்தத் தாள்கள் உன் இடது காலணிக்குள் வந்து சேருவது அவரால்தான். கணவன் மனைவிக்குள் கடிதம் போவதற்கு மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. வாக்குமூலம் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. இருமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன்.

நீ அச்சை வாசிப்பாய், கையெழுத்தை வாசிக்கமாட்டாய். ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் அச்செழுத்துப்போல் தனித்து எழுதியிருக்கிறேன். இரண்டு காலைப்பொழுதுகள் ஆயின. இதை நீயே வாசிக்க வேண்டும். வேறு யாரும் உனக்கு வாசித்துக்காட்டக் கூடாது. காரணம் உள்ளே இருக்கிறது.

முதலில் என் பக்கத்து முறையீட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் இது முழுமையான வாக்குமூலம் ஆகாது.

ஆகஸ்ட் மாதம் வாசலில் உன்னை வலப்பக்கமும் என்னை இடப்பக்கமும் அனுப்பினார்களே, அன்றைக்கே விண்ணப்பம் எழுதினேன். அறுபது வயது கடந்த கணவனையும் மனைவியையும் பிரிந்திருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இல்லத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் இங்கே வருவதில்லை. வந்தவர்களுக்கு அது தெரிவதில்லை. முதல் பதில், அறை இல்லை. இரண்டாவது பதில், அறை உண்டு, மாவு மூட்டைகள் இருக்கின்றன. மூன்றாவதாக லண்டனிலுள்ள மேலதிகாரிகளுக்கு எழுதினேன். லண்டன், இந்த இல்லத்தை நடத்தும் பாதுகாவலர் குழுவின் செயலாளருக்கு எழுதியது. அந்தச் செயலாளர் யார் என்பது உனக்குத் தெரியும்: என் பழைய எஜமானர் திரு. பல்மர்.

அவர் என்னை அழைத்துத் தாளை ஆட்டிக் காட்டினார். "ஏன்யா நதானியேல், மனு எப்படி எழுதணும்னு ஒனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். என் கழுத்துக்கே கொண்டுவர்றியா?" என்றார். "ஆமாங்கய்யா. அதனாலதான் மறுக்கமுடியாத மாதிரி எழுதியிருக்கேன்" என்றேன். இந்த இல்லத்துக்குள் வந்தபின் நான் நிமிர்ந்து பேசிய ஒரே வாக்கியம் அது. மூன்றாம் நாள் மாவு மூட்டைகள் இறங்கின. இரண்டாம் மாடி, கிழக்குக் கோடி. ஒரு சன்னல், ஒரு கட்டில், ஒரு சிறிய அடுப்பு. ஏமோஸும் நானும் போய்ச் சுவரைத் துடைத்தோம். இனி உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி என்றார்கள். அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன்.

சென்ற வியாழக்கிழமை குழு கூடியபோது நான் கதவருகே நின்றிருந்தேன். உங்கள் பிரிவை மேற்பார்க்கும் மேட்ரன் உன் பதிலைச் சொன்னாள். அவள் குரலிலேயே, உன் சொற்களிலேயே சொன்னாள். "அந்த ஆளோட ஒரே அறையில இருக்கிறதவிட, முப்பது கெழவிங்க இருமுறதக் கேட்டுக்கிட்டே நான் சாவேன்னு சொல்லுங்க." மேசையைச் சுற்றியிருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். கசாப்புக்கடைக்காரர் ஒருவர், "பாவம்யா அந்தம்மா, நாப்பது வருஷமா இவன் கொறட்டையக் கேட்டிருக்குமில்ல" என்றார். மறுபடி சிரித்தார்கள். பல்மர் சிரிக்கவில்லை. "மனைவி மறுக்கிறாள்" என்று எழுதி, மையொற்றித் தாளை அதன்மேல் அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்க மாட்டேன்.

டார்கஸ், என் வாழ்நாளில் நான் யாராலும் காட்டிக்கொடுக்கப்பட்டதாக உணர்ந்ததில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் பல்மர் என்னை நீக்கியபோதுகூட, அது எதிர்பார்க்கத் தக்கதே என்று நினைத்தேன். அவர் எனக்கு ஒன்றும் வாக்களித்திருக்கவில்லை. நீ வாக்களித்திருந்தாய். மூன்று மாதங்கள் ஒவ்வொரு தாளாக எழுதி, சட்டத்தை இந்தச் சுவருக்குள் இழுத்துவந்து உன் முன் வைத்தவனை, அவனை வேலையிலிருந்து நீக்கியவரின் மேசையில் சிரிப்புக்கு வைத்தாய். மறுப்பதற்கு உனக்கு உரிமை உண்டு. என்னிடம் சொல்லும் முன் அவர்களிடம் சொல்வதற்கு உனக்கு உரிமை இல்லை. இந்தச் சுவரைத் தாண்டிச் சொல்ல வழி இல்லை என்பாய். காலணி இருந்தது. துரோகம் என்ற சொல்லை முதல் வரைவில் எழுதினேன். அதைப் பின்னர் அடிக்க நினைத்தேன். அடிக்காமல் விடுகிறேன்.

குழுவுக்கு மரியாதைக் குறைவாகப் பதில் சொன்னதாக மேட்ரன் உனக்கு ஒரு வாரம் தேநீரை நிறுத்தியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அது சட்டவிரோதமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற வியாழன் பதினொரு மணிக்கு உன்னையும் என்னையும் ஒருசேர அழைத்து, இறுதியாக ஒருமுறை கேட்பார்கள். மறுத்தால் அறை மறுபடி மாவுக்குப் போகும். வேறொரு முறை அதைக் காலி செய்ய லண்டனாலும் முடியாது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கூடை கொண்டுவந்த பெண் ஏமோஸிடம் உன் காலணிகளைக் கொடுத்துவிட்டு, வாசல் துவாரத்தின் வழியாக ஒரு செய்தி சொன்னாள். "குமாஸ்தாகிட்டச் சொல்லுங்க. பெட்டி ஸ்கோல்ஸ் போன வாரம் எங்க பக்கம் வந்து சேந்துட்டா. கெசியாகிட்ட அந்தக் கேள்வியக் கேட்டது யாருன்னு டார்கஸம்மா கேக்கச் சொன்னாங்க."

ஏமோஸ் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "என்ன கேள்விய்யா அது? மூஞ்சி ஏன் மாவாட்டம் வெளுக்குது?" என்றார். ஞாயிறு வழிபாடு முடிந்தபின்தான் அவருக்குச் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்.

உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து ஒழுங்காகச் சொல்கிறேன். இது பிறகு யார் கையில் கிடைத்தாலும் குறையாக இருக்கக் கூடாது. கெசியா உன் தங்கை. உன் தாய் இறந்தபின் நீ வளர்த்தவள். நம் திருமணத்தின்போது அவளுக்கு ஐந்து வயது. கம்பளி சீவும் சேத் மவ்பியை மணந்தாள். 1843 பிப்ரவரியில் சேத் மார்புச் சளியில் இறந்தான். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் நகர நிர்வாகத்திடம் ரொட்டி கேட்டுப் போனாள்.

ரொட்டி கேட்ட ஏழையிடம் நகரம் முதலில் கேட்பது, நீ எந்த ஊரின் ஏழை என்பதைத்தான். வேறு ஊர் என்று தெரிந்தால் அங்கே வண்டியேற்றிவிடும். விதவை கணவனின் ஊருக்கு உரியவள். கணவனுக்கு ஊர் இன்னதென்று நிரூபிக்க முடியாவிட்டால், அவள் பிறந்த ஊரே அவளைக் காக்க வேண்டும். கெசியா பிறந்தது இங்கே. சேத் ஊர் ஊராய் அலைந்தவன். ஆனால் மணமாகாத ஒருவன் ஓரிடத்தில் ஒரே எஜமானிடம் ஒரு முழு ஆண்டு வேலை செய்திருந்தால், அந்த இடம் அவன் ஊராகிவிடும் என்று அவன் இளமைக் காலத்தில் சட்டம் இருந்தது. அந்தப் பொறுப்பிலிருந்து தப்பவே பண்ணைக்காரர்கள் ஐம்பத்தொரு வாரத்துக்கு ஆள் பிடித்து, கடைசி வாரத்தில் துரத்துவார்கள். இதைச் சாதாரண மக்கள் அறியமாட்டார்கள். நான் அறிவேன்.

அதற்கு ஓராண்டு முந்திய கிறிஸ்துமஸ் நாளை நினைத்துப்பார். நம் வீட்டு மேசை. நீ வாத்து வறுத்திருந்தாய். சேத் இரண்டாவது கோப்பையோடு பெருமை பேசிக்கொண்டிருந்தான். "ஃபென்தோர்ப்புல அந்தக் கெழவன் பண்ணையில ஒரு வருஷம் மாடா ஒழைச்சேன் சகலை. கடைசி வாரம் சண்டைய இழுத்துத் தொரத்தப் பாத்தான். நான் நகரலையே! ஒரு நாள் கொறையாம முடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதன் சட்டப் பொருளையும் குறித்துக்கொண்டேன். அப்போது என்னிடம் தீய நோக்கம் எதுவும் இல்லை. என் மனம் அப்படித்தான் வேலை செய்யும்.

விசாரணை நாளன்று காலை பல்மர் சொன்னார்: "இந்தப் பொம்பளைக்கு ஊரு எதுன்னு கண்டுபுடிக்கலேன்னா, அந்தப் பிள்ளைங்க வளர்ற வரைக்கும் மூணு வாய்க்கு நாமதான் போடணும். நதானியேல விட்டா ஆளில்ல, அவன் தோண்டி எடுத்துருவான்னு சொல்லியிருக்கேன்." அவள் என் மனைவியின் தங்கை, வேறொருவர் எழுதட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது. சொன்னால், உறவுக்காகச் சாய்கிறவன் என்ற நினைப்பு வரும் என்று அஞ்சினேன். சாயாதவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மாஜிஸ்திரேட்டுகள். ஒருவர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். மற்றவர் முதுகைக் கணப்புக்குக் காட்டிக்கொண்டு நின்றார். இருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெசியாவின் பக்கத்து வீட்டுக்காரி பெட்டி ஸ்கோல்ஸ் அவளுடைய சிறிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவோரப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உனக்குச் சொன்னது எதுவாயினும், அதை நான் மறுக்கமாட்டேன்.

நான் கேட்ட கேள்வி இது: "உன் கணவர் உன்னை மணப்பதற்கு முன், எங்கேனும், ஒரே எஜமானிடம், ஒரு முழு ஆண்டு வேலை செய்தாரா?"

அவள் சொன்ன பதில் இது: "அத்தான், அது ஒங்களுக்கே தெரியுமே! ஒங்க வீட்டு மேசையில ஒக்காந்து தான சொன்னாரு, ஃபென்தோர்ப்புல ஒரு வருஷம்னு. நீங்ககூடச் சிரிச்சீங்களே. நல்ல ஒழைப்பாளின்னு நல்லா எழுதிக்குங்க அத்தான்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். செத்துப்போன கணவனுக்கு நான் நற்சான்று எழுதிக்கொள்வதாக நினைத்தாள். அவளுக்கு உதவத்தான் நான் கேட்கிறேன் என்று நினைத்தாள்.

நான் எழுதியது இது: "என் கணவர் மணமாகும் முன்பு ஃபென்தோர்ப் என்னும் ஊரில் ஒரே எஜமானிடம் ஒரு முழு ஆண்டு வேலை செய்ததாக என்னிடம் கூறியுள்ளார்." கீழே அவள் சிலுவைக்குறி இட்டாள்.

இங்கே உனக்கு ஒன்று விளக்க வேண்டும், டார்கஸ். இத்தனை ஆண்டுகள் விளக்காமல் இருந்தது இதைத்தான். இத்தகைய விசாரணைகளில் கேள்விகளை எழுதும் வழக்கமில்லை. பதில்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, அவளே வந்து நின்று, அவளாகவே, மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததுபோல எழுதுவோம். அதுதான் முறை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னதுதான். ஆனால் தாளில் கேட்டவன் இருக்கமாட்டான்.

அன்று மாலை அந்த நகலை உனக்கு நான் வாசித்துக்காட்டினேன். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் நீ கையிலிருந்த துணியைக் கீழே போட்டாய். "இத எதுக்கு அவ சொன்னா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா அவளுக்கு? இவளாப் போயி எதுக்குச் சொன்னா?" என்று கேட்டாய். "வாக்குமூலத்தில் இவ்வளவுதான் இருக்கிறது" என்றேன். அதில் பொய் இல்லை. நான் உன்னிடம் சொன்னவற்றிலேயே மிகக் கெட்ட வாக்கியம் அதுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். ஃபென்தோர்ப்புக்கு அனுப்பும் ஆணையில் இருபத்தொரு நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் நாம் அவளையும் குழந்தைகளையும் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, இனி நகரத்தின் ரொட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், யாரும் அவளைத் தொட்டிருக்க மாட்டார்கள். நீ அதைத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்டால் நான் மறுக்க முடியாது என்பதும் தெரியும். வீடு இரண்டு அறை. பல்மர் தோண்டியெடுக்கச் சொன்னதை என் வீட்டிலேயே ஒளித்துவைத்ததாகிவிடும். நகலைக் கேட்டபின் நீ அதைக் கேட்கவில்லை. உன் கோபம் எனக்கு வசதியாக இருந்தது. அதை நான் மூட்டவில்லை. அணைக்கவும் இல்லை.

இரண்டு முறை அவள் நம் கதவைத் தட்டினாள். "ஒன் வாயால நீயே கெட்ட, போ" என்று உள்ளிருந்தே சொன்னாய். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை அவள், "அக்கா, அத்தானக் கேளு, அத்தானுக்குத் தெரியும்" என்று வெளியிலிருந்து சொன்னாள். நீ அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாய். சட்டம் எனக்குத் தெரியும் என்று சொல்கிறாள் என நினைத்தாய். வண்டி போன காலையில் நீ போய்ப் பார்க்கவில்லை. இருபத்தொரு நாளும் ஃபென்தோர்ப்காரர்கள் மேல்முறையீடு செய்யட்டும் என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டேன். செத்தவன் சொன்னதாக அவள் சொன்னது செவிவழிச் சாட்சி, எதிர்த்திருந்தால் நின்றிருக்காது. அவர்கள் எதிர்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, ஐந்தாண்டு வாழ்ந்த இடத்திலிருந்து ஏழையை அப்புறப்படுத்தக் கூடாது என்று புதிய சட்டம் வந்தது. அதன் நகலை அலுவலகத்தில் நானே எழுதினேன்.

அதற்கு ஓராண்டு முன்பே ஃபென்தோர்ப் ஏழையர் இல்லத்திலிருந்து அவள் காய்ச்சலில் இறந்த செய்தி வந்துவிட்டது. சின்னக் குழந்தையும் அவளோடு. பெரியவள் எங்கோ பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்க்கப்பட்டாள். அந்தச் செய்தியையும் நான்தான் உனக்கு வாசித்தேன். நீ மாவு பிசைந்துகொண்டிருந்தாய். "ஊரு விட்டு ஊரு போயிச் சாகணும்னு அவளே எழுதிக் குடுத்துட்டாளே" என்றாய். பிசைவதை நிறுத்தவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன் இதயம் கடினமானது என்று அன்றைக்கு நினைத்தேன், டார்கஸ். அதைக் கடினமாக்கிய தாள் என் கையெழுத்தில் இருந்தது.

இவ்வளவையும் நேற்று ஏமோஸுக்கும், எதிர்ப் படுக்கை நெசவாளர் ஹிராம் ஹோய்லுக்கும் வாசித்துக்காட்டினேன். சாட்சிக் கையெழுத்து வைப்பவர்கள் எதற்கு வைக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். ஹோய்ல் எழுந்து போய்விட்டுப் பிறகு திரும்பிவந்தார். ஏமோஸ் தலையைச் சொறிந்தார். "வக்கீலய்யா, இத அனுப்பாதீங்க. பெட்டிக்கு வயசாயிருச்சு, அவ சொல்றது பொய்யின்னுருங்க, அறையாச்சும் மிஞ்சும்" என்றார். முடியாது என்றேன். "அப்பன்னா அந்தம்மா சொன்னதுதான் சரி. நானா இருந்தா இருமல் சத்தத்தோட நிறுத்தமாட்டேன், கல்லு ஒடைக்கிற முற்றத்துல போயிப் படுத்துக்குவேன்" என்றார். பிறகு என் கம்பளியை இழுத்துச் சரிசெய்தார். இன்னும் வக்கீலய்யா என்றுதான் அழைக்கிறார்.

என் முறையீட்டை நான் திரும்பப் பெறவில்லை. நீ அவர்களை என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தாய். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் உனக்குச் செய்தது அதனினும் பெரிது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய எந்த நீதிமன்றத்திலும் வழியில்லை. பெட்டி சொல்லி, வியாழக்கிழமை மறுக்கும் முன் நீ அறிந்ததை நான் பதினாறு ஆண்டுகள் அறிந்திருந்தேன் என்பது மட்டுமே வித்தியாசம்.

வருகிற வியாழன் உன்னிடம் கேட்பதற்கு முன் என்னைப் பேச அனுமதிக்கும்படி குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவியின் மறுப்புக்குத் தக்க காரணம் உண்டு, அதற்குக் காரணமானவன் நான் என்று சொல்வேன். நம் வீட்டு மேசையில் கேட்ட பேச்சைச் சாட்சியாக்கியதையும், கேள்வி கேட்டவன் யார் என்பதை மறைத்ததையும் பல்மரின் முன்னிலையில் சொல்வேன். யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். தேநீரையும் திருப்பித் தருவார்கள் என்று நம்புகிறேன். அதன்பின் நீ விரும்பியதைச் சொல். மறுபடி மறுத்தால், அது நியாயமான மறுப்பு என்று நானே சொல்லிவிட்டுக் கயிறு பிரிக்கப் போவேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாக என்னாலேயே வாதாட முடியவில்லை. கெசியாமீது நீ வைத்திருந்த கோபம் முழுவதும் எனக்கு உரியது. அதை அவளிடமிருந்து எடுத்துவிடு. அவள் வாயாடி அல்ல. நான் கேட்டேன், கேட்டவன் அவள் அத்தான் என்பதால் அவள் சொன்னாள்.

உன் தங்கைக்காக நீ அழாமல் விட்டதெல்லாம் உனக்குள் எங்கேயோ அப்படியே இருக்கும். அதை அழுது தீர்க்க இறைவன் உனக்குப் பலம் தரட்டும். முப்பது பேர் படுத்திருக்கும் அறையில் அதைச் செய்ய முடியாது. கிழக்குக் கோடி அறையில் கதவு இருக்கிறது, உள்ளிருந்து சாத்தலாம். நீ அழும்போது நான் அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாமா? என் விண்ணப்பம் இவ்வளவுதான்.

இங்ஙனம் உண்மையென்று உறுதிகூறி,

நதானியேல் ஆஸ்க்வித்
(வேறெவருடைய கேள்விக்கும் விடையாக அன்றி, ஒரே ஒருத்தியின் கேள்விக்கு விடையாக)

இதை முழுவதும் வாசிக்கக் கேட்டு, அவர் தம் கையால் கையொப்பமிட்டதைக் கண்ட சாட்சிகள்:

ஏமோஸ் டக், செருப்புத் தைப்பவர் — அவர் குறி: X
ஹிராம் ஹோய்ல், கம்பளி நெசவாளர் — கையொப்பம்